சரிந்தது பள்ளியா, சராசரியா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பள்ளியின் தரத்தேர்வு மதிப்பெண் சரிந்தால் பெற்றோர் முதலில் விசாரிக்க வேண்டியது ஆசிரியரையா, அந்த மதிப்பெண்ணையா? மதிப்பெண்ணைத்தான் என்கிறது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் கேட்டார்: "போன வருஷம் சராசரி 70, இந்த வருஷம் 66. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" கைதட்டலும் வாங்கினார். அந்த எண்களையே எடுத்துக்கொள்கிறேன். போன வருஷம் 40 பிள்ளைகள், சராசரி 70. இந்த வருஷம் அதே 40 பேர் 72 எடுத்திருக்கிறார்கள். கூடவே, பாடமொழியே தெரியாமல் வேற்றூரிலிருந்து வந்த 10 பிள்ளைகளைப் பள்ளி சேர்த்துக்கொண்டது. அவர்கள் 40 எடுத்தார்கள். 50 பேருக்கும் கூட்டி வகுத்துப் பாருங்கள், 65.6 வரும், அதாவது அவர் சொன்ன அதே 66. பழைய பிள்ளைகள் முன்னேறினார்கள், புதிய பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. நடந்த இரண்டுமே நல்லவை, நடுவர் அவர்களே! ஆனால் சராசரி இறங்கிவிட்டது. இந்த ஆசிரியரையா கூண்டில் ஏற்றுவது?

"அப்படியானால் சரிவே பொய்யா?" என்றார் அடுத்து வந்த அம்மையார். பொய் இல்லை. பல நாடுகளின் 15 வயதுப் பிள்ளைகள் எழுதும் பீசா தேர்வில், 2022-இல், ஓஇசிடி என்ற பொருளாதாரக் கூட்டமைப்பு நாடுகளின் கணிதச் சராசரி 2018-ஐவிட ஏறத்தாழ 15 புள்ளி விழுந்தது. 20 புள்ளி என்பது சுமார் ஓராண்டுப் படிப்பு என்பது தேர்வை நடத்தும் ஓஇசிடியின் கணக்கு. ஜெர்மனி, நார்வே, போலந்து எல்லாம் 25 புள்ளியோ அதற்கு மேலோ இழந்தன. நாடு நாடாக விழும்போது, அதை உங்கள் தெருமுனைப் பள்ளியின் நாலாம் வகுப்பு டீச்சர் தலையில் மட்டும் கட்டுவது என்ன நியாயம்?

அதே பீசா அளவுகோலில் 25 பிள்ளைகளைக் குலுக்கி எடுத்தால், யார் யார் வந்தார்கள் என்பதை வைத்தே சராசரி 20 புள்ளி ஏறும், இறங்கும். சின்னப் பள்ளியின் ஒரு வருஷ மதிப்பெண்ணைப் பார்த்துப் பதறும் பெற்றோர் இதை அறிய வேண்டும்.

பதற்றம் என்ன செய்யும் தெரியுமா? அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 44 பள்ளிகளில் முறைகேடு நடந்ததென்று 2011-இல் விசாரணை அறிக்கை சொன்னது. மதிப்பெண்ணைக் கூட்டும் நெருக்கடியில், விடைத்தாளில் தப்பை அழித்துச் சரியான விடையைக் குறித்தவர்கள் ஆசிரியர்கள்! மதிப்பெண் உயர்ந்தது. வாசிக்கத் தடுமாறிய பிள்ளை தாளில் தேறிவிட்டான், அதனால் அவனுக்குக் கைகொடுக்க யாரும் வரவில்லை. எனக்கு நெஞ்சு பதறுகிறது, நடுவர் அவர்களே.

ஆகவே பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்: போன வருஷம் எழுதிய அதே பிள்ளைகள் இப்போது எவ்வளவு? எத்தனை பேர் தேர்வுக்கு வரவில்லை? தடுமாற்றம் பின்னத்திலா, வாசிப்பிலா? இதற்கெல்லாம் வரும் பதிலும் மோசமாக இருந்தால் ஆசிரியரிடம் போகலாம், நானும் கூட வருகிறேன். அதுவரை அவர் பக்கம் நிற்கும் எங்கள் அணிக்குத் தீர்ப்பு தாருங்கள். நன்றி, வணக்கம்.