கடைசியா எழுதுன சேப்டர்தான் முதல் சேப்டர்! ஃபவுண்டேஷன் ப்ரீக்வெல் ரகசியம்

ஒரு பெரிய சயின்ஸ் ஃபிக்‌ஷன் சீரிஸ், அதோட முதல் புக்கைத் திறக்கறீங்க, முதல் சேப்டர் படிக்கறீங்க. அந்த சேப்டரை எப்போ எழுதுனாங்க தெரியுமா? மத்த கதையெல்லாம் பத்திரிகைல வந்து முடிஞ்சதுக்கு அப்புறம்! ஐசக் அசிமோவோட ஃபவுண்டேஷன்ல நீங்க முதல்ல படிக்கறதே ஒரு குட்டி ப்ரீக்வெல், அதாவது முன்கதைதான். நானே ரெண்டு தடவை படிச்சிட்டு இது தெரியாம சுத்திட்டு இருந்தேன், தெரிஞ்ச அன்னிக்கு வீட்ல எல்லாரையும் கூப்பிட்டு சொன்னேன், ஒருத்தரும் கண்டுக்கல. அதான் உங்ககிட்ட வந்துட்டேன்.

வணக்கம் மக்களே. பேக்கிரவுண்டை கடகடன்னு ஓட்டிடறேன். 1941 ஆகஸ்ட் 1, அசிமோவுக்கு 21 வயசு, எடிட்டர் ஜான் கேம்ப்பெல்லைப் பாக்க சப்வேல போயிட்டு இருக்காரு, கைல ஐடியா எதுவும் இல்ல, போற வழியில ரோம் சாம்ராஜ்யம் சரிஞ்ச மாதிரி ஒரு கேலக்ஸி சாம்ராஜ்யமே சரிஞ்சா எப்படி இருக்கும்னு தோணுது. 1942 மே மாசம் முதல் கதை, 1950 ஜனவரியோட கடைசி கதை, 1951ல இருந்து 1953க்குள்ள மூணு புக். 1966ல "எல்லா காலத்துக்கும் சிறந்த சீரிஸ்"னு சயின்ஸ் ஃபிக்‌ஷனுக்குக் குடுக்கற ஹ்யூகோ அவார்டு வேற, லார்ட் ஆஃப் த ரிங்ஸைத் தாண்டி. டோல்கீன் ஃபேன்ஸ் சண்டைக்கு வராதீங்க, ஓட்டு போட்டது நான் இல்ல.

கதை என்னன்னா, ஹாரி செல்டன்னு ஒரு கணக்கு மேதை, சைக்கோஹிஸ்டரின்னு ஒரு சயின்ஸ் கண்டுபிடிக்கறாரு. காத்துல ஒரே ஒரு மூலக்கூறு எங்க போகும்னு சொல்ல முடியாது, ஆனா மொத்தமா அந்த காத்து எப்படி நடந்துக்கும்னு சொல்லிடலாம்ல, அதே மாதிரி கோடான கோடி ஜனங்க மொத்தமா என்ன பண்ணுவாங்கன்னு கணக்கு போடறது. பன்னெண்டாயிரம் வருஷ சாம்ராஜ்யம் விழப்போகுது, அப்புறம் முப்பதாயிரம் வருஷம் இருட்டு, என் திட்டப்படி போனா அதை ஆயிரமா குறைச்சிடலாம்ங்கறாரு.

ஆனா பாருங்க, பழைய மூணு புக்ல செல்டனை நாம சரியா பாக்கவே இல்ல. பெரும்பாலும் செத்துப்போன மனுஷனோட ரெக்கார்டிங்தான் வந்து பேசும். 1951ல புக்கா போடறப்போ ஒரு தொடக்கம் வேணும்னு எழுதுனதுதான் நான் சொன்ன அந்த முதல் சேப்டர். அதுலயும் செல்டன் வயசானவரு, எல்லாம் தெரிஞ்சவரு, சாம்ராஜ்யம் விழும்னு சொன்னதுக்காக கோர்ட்ல நிக்கறப்போ கூட பதட்டமே இல்ல. சாமி சிலை மாதிரி.

அப்புறம் பெரிய கேப். பதிப்பகம் விடாம நச்சரிச்சு 1982ல நாலாவது புக், 1986ல அஞ்சாவது. இப்போ ஆயிரம் வருஷ திட்டத்துல பாதி தூரம், ஐநூறு வருஷம் வரைக்கும்தான் கதை வந்திருக்கு. மிச்சம் ஐநூறு வருஷம் என்ன ஆச்சுன்னு நாம எல்லாரும் உக்காந்திருக்கோம், மனுஷன் 1988ல வண்டியை ரிவர்ஸ் எடுத்துட்டாரு! ப்ரிலூட் டு ஃபவுண்டேஷன். செல்டனுக்கு 32 வயசு. சாம்ராஜ்யத்தோட தலைநகரமான ட்ரான்டர் கிரகத்துல ஒரு கணக்கு மாநாட்டுக்கு வந்திருக்காரு, எதிர்காலத்தை கணிக்கறது தியரில முடியும்னு ஒரு பேப்பர் வாசிக்கறாரு, உடனே பேரரசர் கூப்பிட்டு விடறாரு. "எங்க, எனக்கு ஒரு கணிப்பு சொல்லு" மாதிரி. செல்டன் என்ன சொல்றாரு? நடைமுறைல முடியாதுங்க சார்!

இதான் எனக்கு புடிச்ச இடமே. ப்ரீக்வெல்ல ஒரு பெரிய தலைவலி இருக்கு, ஹீரோ சாக மாட்டான்னு நமக்கு முன்னாடியே தெரியும். இவரு வயசாகி கோர்ட்ல நிக்கப்போறாருன்னு 1951லயே படிச்சாச்சு, அப்புறம் எங்கேர்ந்து த்ரில் வரும்? அசிமோவ் அந்தப் பக்கமே போகல. இந்த ஆளு எப்போ தன் சயின்ஸை தானே நம்பப்போறான்னு நம்மள காத்திருக்க வெச்சிட்டாரு.

அதுல ஒரு சீன். ட்ரான்டர் மொத்த கிரகமும் ஒரே சிட்டி, நாலாயிரம் கோடி ஜனங்க, பழைய புக்ல இருபது விவசாய கிரகத்துல இருந்து கப்பல் கப்பலா சாப்பாடு வரும்னு படிச்சிருப்போம். எல்லாரும் உலோகக் கூரைக்கு அடியிலதான் வாழறாங்க, வானத்தையே பாக்க மாட்டாங்க. கூரைக்கு மேல போறது யாரு? வானிலை பாக்கறவங்க. செல்டன் அவங்க கூட மேல போறாரு, ஏன்னா வானிலையும் கன்னாபின்னான்னு மாறுற விஷயம், அவங்க அதை எப்படி கணக்கு போடறாங்கன்னு பாத்தா நமக்கு உதவுமேன்னு ஒரு நப்பாசை. மேல போனா கூரை மேல மண்ணு படிஞ்சு செடி, மரமெல்லாம் வளர்ந்து கிடக்கு! மனுஷன் வேடிக்கை பாத்துக்கிட்டே தனியா தள்ளிப் போயிட்டாரு. மேகத்துல இருந்து ஒரு ஜெட் எறங்குது, பேரரசரோட ஆளுங்க தன்னை புடிக்கத்தான் வர்றாங்களோன்னு பயந்து மரத்துக்குப் பின்னாடி ஒளியறாரு. கூட வந்தவங்க கீழ போயிட்டாங்க. இருட்டு. பனியும் மழையும் கலந்து கொட்டுது. கேலக்ஸியோட முப்பதாயிரம் வருஷத்தை கணிக்கப்போற மேதை, அன்னிக்கு சாயங்காலம் மழை வரும்னு தெரியாம கூரை மேல விறைச்சுப் போய் கிடக்காரு! சிரிப்பும் வருது, பாவமாவும் இருக்கு. கடைசில டார்ஸ்னு அவரோட தோழி, ஒரு நிலநடுக்க ஆராய்ச்சியாளரை இழுத்துட்டுப் போய் காப்பாத்தறா. வானிலைக்காரங்க விட்டுட்டுப் போனவரை பூகம்பக்காரர் வந்து தூக்கறாரு, அசிமோவுக்கு குசும்பு ஜாஸ்தி.

இதைப் படிச்சிட்டு திரும்ப 1951 சேப்டருக்குப் போங்க. கோர்ட்ல அலட்டிக்காம நிக்கற அந்தக் கிழவர் வேற ஆளா தெரிவாரு. ஒரு வரி கூட மாறல, ஆனா அன்னிக்கு நடுங்கிட்டு இருந்தவர்தானே இவருன்னு தோணும்.

குறை இல்லாம இல்ல. நடுவுல வசனம் வசனம் வசனம். ஒரு இடத்துக்கு ஓடு, மாட்டிக்கோ, அடுத்த இடத்துக்கு ஓடு, இதே பேட்டர்ன். எனக்கு ஒரு எண்பது பக்கம் குறைச்சிருக்கலாம்னு தோணுச்சு.

அடுத்த ப்ரீக்வெல் ஃபார்வர்ட் த ஃபவுண்டேஷன். இதுல ஒவ்வொரு பார்ட்டுக்கும் ஒரு ஆளோட பேரைத்தான் தலைப்பா வெச்சிருப்பாரு, ரெண்டு பார்ட் முடிஞ்சதும் உங்களுக்குப் புரிஞ்சிடும், அந்தப் பேரு யாரோ அவங்க செல்டனை விட்டுப் போகப்போறாங்க. மூணாவது தலைப்பைப் பாத்துட்டு நான் புக்கை மூடி வெச்சிட்டேன், ஒரு வாரம் தொடல. கடைசில 81 வயசுல செல்டன் தன்னோட ஆபீஸ் மேஜை மேலயே சாஞ்சு இறந்து கிடக்காரு, சுத்தி அவர் போட்ட சமன்பாடுங்க. இந்த புக் வந்தது 1993ல. அசிமோவ் 1992 ஏப்ரல் 6ல போயிட்டாரு, 72 வயசு.

சரி, எந்த ஆர்டர்ல படிக்கறது? கதை நடக்கற வரிசைப்படி ப்ரீக்வெல்ல இருந்து ஆரம்பிக்கலாம்னு சிலர் சொல்வாங்க, தயவு செஞ்சு வேணாம். வெளிவந்த வரிசைலயே போங்க, சிலையை முதல்ல பாத்தாதான் அது நடுங்கறது புரியும். அப்புறம் ப்ரிலூட்ல ஹம்மின்னு ஒருத்தர் வருவாரு, செல்டனுக்கு ஓடி ஓடி உதவி பண்ணுவாரு. அவர் யாருங்கறதை படிச்சவங்க யாரும் கமெண்ட்ல போடக்கூடாது, போட்டா யோசிக்காம டெலீட் பண்ணுவேன், சொல்லிட்டேன்.