வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பயிற்சி

நேயர்களுக்கு வணக்கம்.

மன்னார்குடிப் பக்கம் பள்ளி விடும் நேரத்து டவுன் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். பின் சீட்டில் நாலு பையன்கள். எட்டாவது படிக்கும் ஒருவனின் பை கைமாறிக்கொண்டே போகிறது, பட்டப்பெயர், சிரிப்பு. மற்ற பிள்ளைகளெல்லாம் ஜன்னல் வழியே நடவு வயலைப் பார்க்கிறார்கள். நான் பேச வந்தது அந்த மற்ற பிள்ளைகளைப் பற்றித்தான்.

நார்வேயில் 1970களிலிருந்து இப்படிப்பட்ட சீண்டலை ஆராய்ந்த உளவியலாளர் டான் ஓல்வேயஸ் மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப, பலம் குறைந்தவர் மேல். மூன்றும் சேர்ந்தால் அது விளையாட்டல்ல, துன்புறுத்தல். நம் ஊரில் பலம் என்றால் உடம்பு மட்டுமில்லை, கையில் கட்டும் சாதிக் கயிற்றின் நிறமும்தான். அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்துப் பார்த்து 2001இல் ஓர் ஆய்வு வந்தது. கூடப் படிப்பவர் குறுக்கிட்டபோது, பாதிக்கும் மேற்பட்ட தடவை 10 விநாடிக்குள் தொல்லை நின்றிருக்கிறது.

சரி, ‘தைரியமாகக் கேள்’ என்று அசெம்பிளியில் சொன்னால் போதுமா? வாய்க்காலில் இறங்காமல் நீச்சல் வராது. வகுப்பில் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு பஸ்ஸாக்கி நடித்துப் பார்க்கிறோம். நிஜத்தில் சீண்டுகிறவனுக்கும் சீண்டப்படுகிறவனுக்கும் அதே வேடத்தைத் தரக் கூடாது. வேடிக்கை பார்ப்பவனுக்கு வீரவசனமும் கூடாது. “டேய், பையைக் குடுத்துடு, அவன் இறங்கணும்.” அவ்வளவுதான். அதுவும் வராதா? மாட்டிக்கொண்டவனை “இங்க வந்து நில்லுடா” என்று கூப்பிட்டாலே போதும். முதல் தடவை சிரிப்புதான் வரும். நாலாவது தடவை குரல் வரும்.

சட்டென்று கை ஓங்கும் பிள்ளைகள்? அவசரத்துக்குத் தடை போடும் மூளையின் முன்பகுதி முழுதாய் முதிர ஏறக்குறைய 25 வயதாகிறது. நீண்ட புத்திமதி அங்கே எடுபடாது. கோபம் உடம்பில் முதலில் எங்கே தெரிகிறது என்று கேளுங்கள். “காது சூடாகும் சார்” என்றான் ஒருவன். காது சூடானதும் பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடி என்றோம். வாய் நிறையத் தண்ணீரோடு திட்ட முடியாதே!

ஆசிரியர்களுக்கு ஒன்று. இருவரையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்க வைக்காதீர்கள். பயந்த பிள்ளை தலையாட்டிவிட்டு, மறுநாள் வட்டியோடு வாங்கும். தனித்தனியாக விசாரியுங்கள். யாரிடமும் சொல்ல முடியாத பிள்ளைக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. காசில்லாமல் எந்நேரமும் பேசலாம். நோட்டின் பின் அட்டையில் அந்த எண்ணை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வணக்கம்.