எந்த ரஸ்தோவ்?

நேயர்களுக்கு வணக்கம்.

ரஷ்யாவில் ரயில் டிக்கெட் எடுக்கும்போது வெறுமனே ரஸ்தோவ் என்று சொன்னால் போதாது. எந்த ரஸ்தோவ் என்றும் சொல்ல வேண்டும். ஒரு ரஸ்தோவ் மாஸ்கோவுக்கு வடகிழக்கே சுமார் 200 கிலோமீட்டரில், நீரோ ஏரிக்கரையில் இருக்கிறது. பழைய ரஷ்ய ஆண்டேடுகளில் 862-ஆம் ஆண்டுக் குறிப்பிலேயே அதன் பெயர் வந்துவிடுகிறது. இன்னொரு ரஸ்தோவ் மாஸ்கோவுக்குத் தெற்கே ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, தோன் ஆற்றங்கரையில் உள்ள பெரிய நகரம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். அதனால் பழைய ஊரின் ரயில் நிலையத்துக்கு 'ரஸ்தோவ்-யாரஸ்லாவ்ஸ்கி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இவை தற்செயலாக ஒத்துப்போன பெயர்கள் அல்ல. பழைய ரஸ்தோவில் திமித்ரி என்ற பேராயர் இருந்தார். 1709-இல் மறைந்த அவர் 1757-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். சில ஆண்டுகளில், 1761-இல், தோன் கரையில் எழுந்த புதிய கோட்டைக்கு 'ரஸ்தோவின் புனித திமித்ரி' என்று அவர் பெயரையே இட்டார்கள். நாளடைவில் பெயர் சுருங்கியது. புனிதர் போய், அவருடைய ஊர் மட்டும் நின்றுவிட்டது.

ரஷ்ய வரைபடத்தில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்து, பெயருக்கு அவ்வளவு பஞ்சமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டாவது ஊருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தேடினால், யாரோ சிலர் நடந்துபோய்க் குடியேறிய வரலாறு கிடைக்கும். இல்லையென்றால் யாரோ ஒருவர் போட்ட உத்தரவு கிடைக்கும்.

குடியேற்றத்துக்குப் பெரெயஸ்லாவைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. கீவுக்குத் தென்கிழக்கே, இன்றைய உக்ரைனில், த்ருபெஷ் என்ற ஆற்றின் கரையில் அந்தப் பழைய ஊர் இருக்கிறது. புல்வெளி நாடோடிகளின் படையெடுப்பும் இளவரசர்களின் ஓயாத சண்டையும் தாங்காமல், 12-ஆம் நூற்றாண்டில் தெற்கிலிருந்து மக்கள் வடகிழக்குக் காடுகளுக்குப் போனார்கள். அங்கே 1152-இல் இளவரசர் யூரி தோல்கரூக்கி ஒரு நகரம் அமைத்தார். அதற்கும் பெயர் பெரெயஸ்லாவ்ல்தான். காட்டுக்கு அப்பால் உள்ளது என்று அடையாளம் காட்ட 'ஸலேஸ்கி' என்று சேர்த்துக்கொண்டார்கள். இன்று அது பெரெஸ்லாவ்ல்-ஸலேஸ்கி. மூன்றாவது ஒன்றும் உண்டு. இன்று நாம் ரியாசான் என்று அறியும் நகரம் 1778 வரை பெரெயஸ்லாவ்ல்-ரியாசான்ஸ்கி.

சரி, ஊர்ப் பெயர் மூன்று இடத்தில் இருப்பதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். ஆற்றைப் பாருங்கள். மூன்று ஊரிலும் ஓடும் ஆற்றுக்குப் பெயர் த்ருபெஷ்! கீவில் ஓடும் லீபெத் என்ற சிற்றாற்றின் பெயர் வடக்கே விளாதிமிரிலும் இருக்கிறது, ரியாசானிலும் இருக்கிறது. ஊர்ப் பெயரை இளவரசர் வைத்திருக்கலாம். ஆனால் ஒரு சிற்றாற்றுக்குப் பழைய ஊர் ஆற்றின் பெயரைச் சொல்லி அழைத்தவர்கள் அதில் தண்ணீர் மொண்டவர்கள், துணி துவைத்தவர்கள் என்றே நான் நம்புகிறேன். பேர் தெரியாத அந்த மக்களைப் பற்றி ஆண்டேடுகள் அதிகம் பேசுவதில்லை. இந்த ஆறுகள்தான் பேசுகின்றன.

இதே பழக்கம் 19-ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 1883 முதல் ஒதேசாவில் கப்பலேறி, சூயஸ் கால்வாய் வழியாக, நம் இந்தியப் பெருங்கடலைக் கடந்து விளாதிவஸ்தோக் போய்ச் சேர்ந்த உக்ரைன் விவசாயிகள், பசிபிக் கரையோர மாநிலத்தில் தங்கள் செர்னிகோவ் நினைவாகச் செர்னிகோவ்கா என்ற ஊரை உண்டாக்கினார்கள்.

அப்புறம் தேவாலயத்தால் வந்த பெயர்கள். முன்பெல்லாம் தேவாலயம் உள்ள கிராமத்தை 'செலோ' என்பார்கள், இல்லாததை 'தெரெவ்னியா' என்பார்கள். செலோவுக்குப் பெரும்பாலும் தேவாலயத்தின் பெயரே ஊர்ப் பெயராகும். புனித நிகோலாஸ் பெயரால் நிகோல்ஸ்கயே, திரித்துவத்தின் பெயரால் த்ரோய்த்ஸ்கயே, மரியாளின் அடைக்கலத் திருநாளின் பெயரால் பக்ரோவ்ஸ்கயே எல்லாம் அப்படி வந்தவை, நாடெங்கும் ஏராளம். ஆள் பெயரில் அமைந்த அலெக்ஸாந்த்ரோவ்கா மட்டுமே நூற்றுக்கணக்கில் இருக்கும்.

இனி உத்தரவால் வந்த பெயர்கள். 1934 டிசம்பர் 1-ஆம் தேதி, இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் எனப்படும் லெனின்கிராதில், அந்நகரின் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் செர்கேய் கிரோவ் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மாதமே பழம்பெரும் வியாத்கா நகரம் கிரோவ் ஆனது, வடதுருவ வட்டத்துக்கு அப்பால் இருந்த ஹிபினகோர்ஸ்க் கிரோவ்ஸ்க் ஆனது. அஜர்பைஜானில் ஒரு கிரோவபாத், ஆர்மீனியாவில் ஒரு கிரோவகான். ஒன்றோடொன்று குழம்பாதிருக்க வால்பகுதியை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். ஆனாலும் கலூகா மாநிலத்தில் இன்னொரு கிரோவ் வந்துவிட்டது, லெனின்கிராத் மாநிலத்தில் இன்னொரு கிரோவ்ஸ்க் வந்துவிட்டது.

இதில் மனத்தை உறுத்துவது உக்ரைனில் நடந்தது. அங்கே புரட்சிக் காலத்து போல்ஷெவிக் தலைவர் ஸினோவியவ் பிறந்த ஊருக்கு அவர் பெயரால் ஸினோவியவ்ஸ்க் என்று பெயர். அந்த ஊருக்கே 1934-இல் கிரோவின் பெயரைச் சூட்டினார்கள். அதே கிரோவின் கொலையில் பங்கு என்று குற்றம் சாட்டி, 1936-இல் ஸினோவியவைச் சுட்டுக் கொன்றார்கள். தேவாலயப் பெயர்கள் மெல்ல மெல்ல, தலைமுறை தலைமுறையாகப் பரவியவை. இந்தப் பெயர்களோ சில ஆண்டுகளிலேயே ஒரு நாட்டையே மூடின. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை.

ஸினோவியவ் பிறந்த அந்த ஊர் 2016-இல் மறுபடியும் பெயர் மாறிக் க்ரோபிவ்னித்ஸ்கி ஆனது. அதே ஆண்டில், செஞ்சேனையின் பெயரைத் தாங்கியிருந்த, கிழக்கு உக்ரைனின் தோன்பாஸ் பகுதியிலுள்ள க்ராஸ்னஅர்மேய்ஸ்க், பக்ரோவ்ஸ்க் என்ற தேவாலயப் பெயருக்கு மாறியது. சமீப காலப் போர்ச் செய்திகளில் நீங்கள் கேட்ட பக்ரோவ்ஸ்க் அதுதான். சைபீரியாவில், லேனா ஆற்றங்கரையில், இன்னொரு பக்ரோவ்ஸ்க் இருக்கிறது. வோல்கா கரையில், சராத்தவ் நகருக்கு எதிரே இருந்த பக்ரோவ்ஸ்குக்கு 1931-இல் எங்கெல்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். அது இன்றும் எங்கெல்ஸ்தான்.

நன்றி, வணக்கம்.