நாலு மணியிலிருந்து எட்டரை வரை

(திருப்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்த பால்வாடிப் பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும், பேரன் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் அம்மிச்சிகளுக்கும் அப்பத்தாக்களுக்கும், பக்கத்து ஊர் அங்கன்வாடிகளிலிருந்து வந்திருக்கும் என் சக ஆசிரியைகளுக்கும் வணக்கம்.

நேற்று சனிக்கிழமை. சம்பளம் வாங்கி, மளிகைக் கடைக்குப் போய், பாக்கி கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டு வீடு சேரும்போது பத்து மணி ஆகியிருக்கும். வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர்கள், தூங்கக் கிடைத்த ஒரே காலையில் பிள்ளைக்காக எழுந்து வந்திருக்கிறீர்கள். அதனால் "குழந்தைக்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள்" என்று இந்த மேடையில் நான் சொல்லப்போவதில்லை. தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிறவரிடம் அப்படிச் சொல்வது நியாயமில்லை. கிடைக்கிற நேரத்தில் என்ன நடக்கிறது, கிடைக்காத நேரத்தில் பிள்ளை யார் கையில் இருக்கிறது என்ற இரண்டைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

பால்வாடியில் சேர்க்க வரும்போது பெரும்பாலும் முதல் கேள்வி, "எப்பத்துல இருந்துங் டீச்சர் எழுத வெப்பீங்க?" என்பதாக இருக்கும். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். கீழே விழுந்து முட்டியில் சிராய்ப்பு வந்தால் பிள்ளை யாரைத் தேடி ஓடும்? சிலர் உடனே, "எங்கம்மாகிட்டத்தான் ஓடுவா" என்பார்கள். சிலர் யோசிப்பார்கள். ஒரு அப்பா பெருமையாகச் சொன்னார்: "யாரையும் தேட மாட்டான். தைரியசாலி." எனக்கு அந்தப் பதில்தான் கவலையாக இருந்தது. விழுந்த பிள்ளை ஆளைத் தேடுகிறது என்றால், கூப்பிட்டால் யாராவது வருவார்கள் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. மூன்று வயதுக்குள் பிள்ளை படிக்கிற பாடங்களில் இதைவிடப் பெரிய பாடம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. எழுத்து பின்னால் வரும். அதற்கு ஊரில் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன.

எங்கள் பால்வாடி வாசலில் சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் நின்று பாருங்கள். கூட்டிப்போக ஆள் வரும்போது ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு விதம். ஒன்று ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளும். ஒன்று அதுவரை சிரித்து விளையாடிக்கொண்டிருந்துவிட்டு, அம்மா செருப்பைக் கழற்றுவதைப் பார்த்ததும் ஓவென்று அழும். அம்மாவுக்கு முகம் வாடிவிடும். "நாள் பூரா உங்ககிட்ட நல்லாத்தான் இருக்கறான், என்னயக் கண்டாத்தான் அழுவாச்சி வருதுங்" என்பார். அந்த அம்மாவிடம் நான் சொல்வது, சந்தோஷப்படுங்கள் என்றுதான். நாள் முழுக்க அடக்கி வைத்ததை எல்லாம் கொட்டுவதற்கு அவன் தேர்ந்தெடுத்த ஆள் நீங்கள். வேறு யாரிடமும் அவன் கொட்டவில்லை.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. அம்மா வந்ததைக் கண்ணால் பார்க்கும். பார்த்துவிட்டுத் திரும்பவும் கட்டையை அடுக்கும். கூப்பிட்டால் வராது. பையை மாட்டிவிட்டால் பேசாமல் நடக்கும். "சமத்து" என்று எல்லோரும் சொல்லுகிற பிள்ளை.

மேரி எய்ன்ஸ்வொர்த் என்று ஒரு அம்மையார். 1950களில் உகாண்டா கிராமங்களில் தாய்மார்கள் வீடு வீடாகப் போய், மாதக்கணக்கில் உட்கார்ந்து குழந்தைகளைக் கவனித்தவர். பிறகு அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் ஒரு வயதுக் குழந்தைகளைத் தாயோடு ஓர் அறையில் விளையாட விட்டு, தாயைச் சில நிமிடம் வெளியே போகச் சொல்லி, திரும்ப வரச் சொன்னார். பிரியும்போது எவ்வளவு அழுகிறது என்பதைவிட, திரும்பி வரும்போது என்ன செய்கிறது என்பதையே அவர் கூர்ந்து பார்த்தார். நான் சொன்ன மூன்று விதமும் அவர் குறிப்பில் இருக்கின்றன. பின்னால் வந்தவர்கள், கண்டுகொள்ளாதது மாதிரி இருந்த குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தார்கள். வெளியே அமைதியாக இருந்த பிள்ளைக்கும் உள்ளே படபடப்பு இருந்தது. அந்தத் தைரியசாலிப் பையனை நினைத்து நான் ஏன் கவலைப்பட்டேன் என்று இப்போது புரிந்திருக்கும். கேட்டு என்ன ஆகப்போகிறது என்று ஒரு பிள்ளை அத்தனை சின்ன வயதிலேயே முடிவு செய்துவிடக்கூடாது.

இதற்குக் காலையில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பிள்ளை விளையாட்டில் மூழ்கியிருக்கும்போது தெரியாமல் நழுவிப் போகாதீர்கள். அழுதாலும் பரவாயில்லை. குனிந்து முகத்தைப் பார்த்து, "அம்மா கம்பெனிக்குப் போறேன் சாமி, சாயங்காலம் அம்மிச்சி வந்து கூட்டிட்டுப் போகும்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். யார் வருவார்களோ அவர்கள் பேரைச் சொல்லுங்கள். நீங்கள் வர முடியாது என்று தெரிந்தே "அம்மா வந்துர்றேன்" என்று சொல்லாதீர்கள். நழுவிப் போனவர்களின் பிள்ளை மறுநாள் விளையாடவே மாட்டேன் என்கிறது. விளையாடினால் அம்மா காணாமல் போகிறாள் என்று அது கணக்குப் போட்டுவிடுகிறது. சொல்லிவிட்டுப் போகிறவர்களின் பிள்ளை அன்றைக்கு நன்றாக அழும். நாளாக நாளாக அழுகை தானே குறைவதை இந்த வாசலில் நான் பார்த்துவருகிறேன்.

இனி ராத்திரி. எட்டரை மணிக்கு ஷிப்ட் முடிந்து, கால் வீங்கி வீடு வருகிறீர்கள். ஒரு டீ, ஐந்து நிமிடம் போன். அந்த ஐந்து நிமிடம் உங்களுக்கு வேண்டும். அதை நான் பறிக்க மாட்டேன். ஆனால் பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்கு அது எப்படித் தெரிகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1970களில் எட்வர்ட் டிரானிக் என்ற ஆய்வாளர் தாய்மார்களிடம், கைக்குழந்தையோடு முதலில் எப்போதும்போலக் கொஞ்சச் சொன்னார். பிறகு ஓரிரு நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும். கையை நீட்டும். எதையாவது காட்டும். சத்தம் போடும். எதற்கும் பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு துவண்டுபோகும். போன் பார்க்கிற முகம் ஏறத்தாழ அந்த முகம்தான். உங்கள் கையைப் பிடித்து இழுக்கிற பிள்ளை அடம்பிடிக்கிறது என்று நினைக்காதீர்கள். பதில் கேட்கிறது. "அஞ்சு நிமிஷம் கண்ணு, அம்மா டீ குடிச்சுட்டு வந்துர்றேன்" என்று முகம் பார்த்துச் சொல்லிவிட்டுக் குடியுங்கள். சொன்னபடி போனைக் கீழே வையுங்கள்.

அதே டிரானிக் சொன்ன இன்னொன்றை யாரும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை. எவ்வளவு பாசமான தாயும் குழந்தையும் என்றாலும் எல்லா நேரமும் ஒத்துப்போவதில்லை. அது ஒன்று கேட்கும், நாம் வேறொன்று செய்வோம். விட்டுப்போனதை மறுபடி பிடித்துச் சேர்த்துக்கொள்வதில்தான் குழந்தை வளர்கிறது. அதனால் கோபத்தில் கத்திவிட்டேனே என்று ராத்திரி தூங்காமல் கிடக்கிற அம்மாக்களே, காலையில் பிள்ளையைத் தூக்கி வைத்து, "நேத்து அம்மா சத்தம் போட்டுட்டேன், பயந்துட்டயா?" என்று கேளுங்கள். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கும் இதுதான். சண்டையைப் பார்த்த பிள்ளை, சமாதானம் ஆவதையும் பார்க்கட்டும். நாம் சண்டையைக் கூடத்தில் போட்டுவிட்டுச் சமாதானத்தை மட்டும் பிள்ளை தூங்கின பிறகு செய்கிறோம்.

என்ன விளையாடுவது, எங்களுக்கு ஒன்றும் தெரியாதே என்று கேட்பீர்கள். பொம்மை வாங்க வேண்டாம். முன்வரிசையில் இருக்கிற அம்மிச்சிகள் எல்லோருக்கும் பருப்புக் கடைகிற விளையாட்டு தெரியும். பிள்ளையின் உள்ளங்கையை விரித்து, முழங்கையை வைத்துப் பருப்புக் கடைய வேண்டும். கடைந்த பருப்பை ஒவ்வொரு விரலாக மடக்கிப் பங்கு வைக்க வேண்டும்: இது அம்மாவுக்கு, இது அப்பாவுக்கு, இது அப்பத்தாவுக்கு, இது அண்ணனுக்கு, இது பாப்பாவுக்கு. பிறகு நண்டு ஊரும், நரி ஊரும், கை வழியாக ஏறி அக்குள் வரைக்கும் போய்க் கிச்சுக்கிச்சு மூட்டும். அந்த இடத்தில் பாட்டி ஒரு நொடி நிறுத்துவாள், கவனித்திருக்கிறீர்களா? விரல் முழங்கையில் நின்றுவிடும். பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு பாட்டியின் கண்ணைப் பார்க்கும். அடுத்து என்ன வரும் என்று அதற்குத் தெரியும், ஆனாலும் காத்திருக்கும். காத்திருக்கப் பழகுவதும், முறை வைத்து விளையாடுவதும், தன் குடும்பத்தில் யார் யார் என்பதும், எல்லோருக்கும் பங்கு உண்டு என்பதும் இந்த இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிடுகின்றன. எந்தக் காணொளியும் அந்த ஒரு நொடி நின்று பிள்ளையின் கண்ணைப் பார்ப்பதில்லை. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், ஐந்து வயதுக்குள் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதற்கு இதுதான் முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

நம் முன்னோர் குழந்தையை எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தார்கள் என்பதற்குப் பிள்ளைத்தமிழ் மரபே சாட்சி. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கையை ஊன்றித் தலையைத் தூக்கி ஆடுவதற்குச் செங்கீரைப் பருவம். கை சேர்த்துத் தட்டுவதற்குச் சப்பாணி. தளர்நடை போட்டு வருவதற்கு வருகை. நிலாவைக் கூப்பிட அம்புலி. பருவத்துக்குப் பருவம் குழந்தையிடம் பேச ஒரு பேச்சு வைத்திருந்தார்கள்.

பேச்சு என்றதும் மொழியைப் பற்றி ஒன்று. இந்தத் தெருவில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் இருக்கின்றன. பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் நான் சொல்வதை எடுத்துச் சொல்லுங்கள். வீட்டில் உங்கள் மொழியிலேயே பேசுங்கள். தமிழை எங்கள் வாசலில் பிள்ளைகளோடு விளையாடியே உங்கள் பிள்ளை பிடித்துக்கொள்ளும். தமிழ்க் குடும்பங்களுக்கும் அதையே சொல்கிறேன். "கம் ஹியர், சிட் டவுன், ஈட் ஃபாஸ்ட்" என்று நாம் பேசுகிற இங்கிலீஷைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். எல்லாம் உத்தரவு. கதையோ கொஞ்சலோ அந்த மொழியில் நமக்கு வருவதில்லை. உத்தரவை மட்டுமே கேட்டு வளர்கிற பிள்ளை எந்த மொழியில் நம்மிடம் மனசுவிட்டுப் பேசும்?

அடிப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளியில் அடிக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. வீட்டுக்கு நாம்தான் சட்டம். "அடியாத மாடு படியாது" என்பார்கள். மாட்டுக்கே அது சரியா என்று மாடு வளர்த்தவர்கள் சொல்லட்டும். இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தன்னைத்தானே அடக்கிக்கொள்கிற மூளைப் பகுதி இப்போதுதான் வளரத் தொடங்கியிருக்கிறது. அது முழுதாக முதிர இருபது வயதுக்கு மேல் ஆகும். இன்னும் வளராத ஒன்றை அடித்து வரவைக்க முடியாது.

இப்போது, கிடைக்காத நேரத்துக்கு வருகிறேன். அங்கன்வாடி சாயங்காலம் நாலு மணிக்குள் முடிந்துவிடும். பால்வாடியும் ஏறத்தாழ அப்படித்தான். உங்கள் ஷிப்ட் முடிய எட்டரை. நடுவில் இருக்கிற நாலரை மணி நேரம் பிள்ளை யாரிடம் இருக்கிறது? பாட்டி இருக்கிற வீடு கொடுத்துவைத்த வீடு. லைன் வீட்டில் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறார், சரி. சில வீட்டில் எட்டு வயது, ஒன்பது வயது அக்காதான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அலைகிறாள். அவளே குழந்தை. சில வீட்டில் டிவியைப் போட்டுவிட்டு வெளியே தாழ்ப்பாள். இதைச் சொல்லும்போது தலை குனிகிற அம்மாக்களைப் பார்க்கிறேன். குனிய வேண்டாம். இது உங்கள் ஒருவர் குற்றம் இல்லை.

நம் நாட்டில் 6 வயதிலிருந்து 14 வரை கல்வி அடிப்படை உரிமை. 2002இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி அப்படி ஆக்கினார்கள். ஆறு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, அரசு முயற்சி செய்யும் என்று எழுதியதோடு நிறுத்திவிட்டார்கள். 1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம்தான் அந்த வயதுக்கு நமக்கு இருக்கிற பெரிய ஆதாரம். தமிழ்நாட்டில் மட்டும் 54,000க்கு மேல் அங்கன்வாடிகள் இருக்கின்றன. அங்கே எடை பார்த்து, சத்துணவு கொடுத்து, பதிவேட்டிலும் போனிலும் விவரங்களை நிரப்பிவிட்டுத்தான் என் தோழிகள் பாட்டும் கதையும் சொல்ல உட்கார முடிகிறது. சோறு முக்கியம். சோறு மட்டும் போதாது என்பதை உலகம் ருமேனியாவில் பார்த்தது. 1989இல் ஆட்சி கவிழ்ந்தபோது அங்கே காப்பகங்களில் ஆயிரமாயிரம் குழந்தைகள் இருந்தார்கள். கட்டிலும் உணவும் இருந்தன. முகம் பார்த்துப் பேச ஆள் இல்லை. வளர்ச்சி குன்றிப்போயிருந்தார்கள். அவர்களில் சிலரைக் குடும்பங்களில் வைத்து வளர்த்துப் பார்த்தார்கள். இரண்டு வயதுக்குள் ஒரு மடி கிடைத்த பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள்.

ஆகவே அந்த நாலரை மணி நேரத்துக்கு ஒரு ஆள் வேண்டும். அதைக் கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. 2017இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தி விடுமுறையை 26 வாரம் ஆக்கியபோதே, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவரலாம் என்றும் எழுதினார்கள். சின்ன யூனிட்டுகள் ஒவ்வொன்றும் தனியாக வைக்க முடியாது என்றால், நாலைந்து யூனிட்டுகள் சேர்ந்து இந்தத் தெருவிலேயே ஒன்று வைக்கலாம். இடம் வேண்டுமென்றால் எங்கள் பால்வாடிக் கூடம் நாலு மணிக்கு மேல் காலியாகத்தான் கிடக்கிறது. இரண்டு ஆயாக்களுக்குச் சம்பளமும், சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாலும் சுண்டலும் கொடுத்தால் போதும், நாளைக்கே தொடங்கலாம்.

இதை மனுவாக எழுதி வைத்திருக்கிறோம். தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று, ஒடியாவில் ஒன்று. வாசல் பக்கம் மேசையில் இருக்கிறது. அம்மாக்கள் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்பாக்கள் வண்டியை ஸ்டார்ட் செய்து நிற்க வேண்டாம். கட்டிங் மாஸ்டர்களும் டெய்லர்களும் உங்கள் பேரையும் வேலை பார்க்கிற யூனிட்டையும் சேர்த்து எழுதுங்கள். வருகிற புதன்கிழமை மதிய இடைவேளையில் முதலாளிகளைப் பார்க்கப் போகிறோம். கூட வர முடிந்தவர்கள் என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.