போசிக்ஸ்: எந்தத் திருத்தம், எந்தப் பதிப்பில்?

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். போசிக்ஸ் என்ற கணினித் தரநிலையை எப்படித் திருத்துகிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. அதற்கு முன் ஒரு பழைய ரயில் கதை.

மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-லேயே ரயில் ஓடியது. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவர வேண்டும் என்று போட்ட குறுகிய பாதை அது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே இரண்டரை அடிதான். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் அதே அகலத்தில் ஒரு பாதை இருந்தது. சென்னைப் பக்கமிருந்து வரும் பெரிய வண்டி மொரப்பூரோடு சரி. அங்கே மூட்டையை இறக்கி, சின்ன வண்டியில் ஏற்றி, அப்புறம்தான் தருமபுரி. இரண்டு பாதைகளும் 1941-ல் மூடப்பட்டன.

கணினி நிரல்களுக்கும் ஒரு காலத்தில் இதே கதிதான். 1980-களில் யூனிக்ஸ் இயங்குதளத்தை ஒவ்வொரு கம்பெனியும் தன் வசதிக்குத் தக்கபடி மாற்றி விற்றது. ஏ.டி. அண்டு டி. வழியில் வந்தது ஒரு விதம், பெர்க்லி பல்கலைக்கழக வழியில் வந்தது இன்னொரு விதம். ஒன்றுக்கு எழுதிய நிரலை மற்றொன்றில் ஓட்டப் பல இடங்களில் பிரித்து எழுத வேண்டும். இதற்கு ஒரு முடிவு கட்ட 1988-ல் வந்ததுதான் போசிக்ஸ் தரநிலை. மின், மின்னணுப் பொறியாளர்களின் சங்கமான ஐ.ட்ரிபிள்.ஈ. அமைப்பு வெளியிட்டது, பெயரைச் சொன்னவர் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன். இரண்டு வருஷத்தில் ஐ.எஸ்.ஓ.வும் அதை உலகத் தரநிலையாக ஏற்றது.

இயங்குதளத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதில் போசிக்ஸ் தலையிடாது. ஒரு நிரல் 'இந்தக் கோப்பைத் திற' என்று கேட்டால் என்ன கிடைக்க வேண்டும், திறக்க முடியவில்லை என்றால் எந்தப் பிழை எண் வர வேண்டும் என்பதை மட்டும் அது சொல்லும். நிரலும் இயங்குதளமும் கைகோக்கும் எல்லைக்கோட்டை எழுதிவைத்த ஆவணம் அது. ஆப்பிள் மேக் அதற்குச் சான்றிதழ் வாங்கியிருக்கிறது. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் பெரும்பாலும் சான்றிதழ் வாங்காமலே அதைப் பின்பற்றுகிறது. நம் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸ் லினக்ஸ் இருந்ததே, அதன் அடியில் இருப்பதும் இதே எல்லைக்கோடுதான்.

இன்று நான் பேச வந்தது அந்த ஆவணத்தைத் திருத்துவதற்கு எப்படித் திட்டம் போடுகிறார்கள் என்பதைப் பற்றி. கேட்பதற்குச் சப்பென்று இருக்கும். ஆனால் ஏறக்குறைய 4000 பக்கம் கொண்ட ஓர் ஆவணத்தில் ஒரு வரியை மாற்றினால், உலகம் முழுக்க எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கும் நிரல் நின்றுபோகலாம். அதனால் எந்த வரியை மாற்றுவது என்பதைப் போலவே எப்போது மாற்றுவது என்பதும் பெரிய கேள்வி.

மூன்று அமைப்புகள் சேர்ந்துதான் இதை நடத்துகின்றன: ஐ.ட்ரிபிள்.ஈ., ஐ.எஸ்.ஓ., யூனிக்ஸ் என்ற பெயருக்கு உரிமையுள்ள ஓப்பன் குரூப். முன்பு ஒரே விஷயத்தை வெவ்வேறு ஆவணங்கள் வெவ்வேறு வார்த்தைகளில் சொல்லிக்கொண்டிருந்தன. 1998-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரில் கூடிப் பேசி, இனி ஒரே வாசகம், மூன்று அட்டை என்று முடிவு செய்தார்கள். அந்தக் கூட்டுக்குழுவுக்கு ஆஸ்டின் குரூப் என்றே பெயர் நிலைத்துவிட்டது. 2001-ல் அவர்களுடைய முதல் பதிப்பு, 2008-ல் அடுத்தது, அதற்கடுத்த பெரிய பதிப்பு 2024 ஜூனில்.

2008-க்கும் 2024-க்கும் நடுவே பதினாறு வருஷம். சும்மா இருந்தார்களா என்றால், இல்லை. 2013-லும் 2016-லும் பிழைதிருத்த இணைப்புகள் வந்தன. அவற்றை 2008 பதிப்போடு சேர்த்துத் தைத்து ஒரு தொகுப்பும் வெளியானது. அதில் புதிய வசதி ஒன்றுகூடக் கிடையாது. ஐ.ட்ரிபிள்.ஈ. விதிப்படி ஒரு தரநிலையைப் பத்து வருஷத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் அது செயலில் இல்லாத பட்டியலுக்குப் போய்விடும். நடுவில் வந்த தொகுப்பை நான் அந்தக் கணக்கில்தான் பார்க்கிறேன்.

திட்டமிடுதலின் மையமே இங்கேதான் இருக்கிறது. வருகிற ஒவ்வொரு புகாரையும் குழு இரண்டில் ஒரு பெட்டியில் போட வேண்டும். வாசகம் தெளிவாக இல்லை, ஓரிடத்தில் சொன்னதும் இன்னோரிடத்தில் சொன்னதும் முட்டுகின்றன, இப்படிப்பட்டவை பிழைதிருத்த இணைப்புக்குப் போகும். புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும், இருப்பதன் நடத்தையை மாற்ற வேண்டும் என்றால் அது அடுத்த பெரிய பதிப்புக்கு. இப்போது தீர்வு கண்ட புகார்களில் சிலவற்றுக்கு 2024 பதிப்பின் முதல் இணைப்பு என்று அடையாளம் குத்துகிறார்கள், சிலவற்றுக்கு அடுத்த பதிப்பு என்று. ஒரே வரிக்கான புகார், எந்தப் பெட்டியில் விழுகிறது என்பதைப் பொறுத்துச் சில வருஷத்திலும் வெளிவரலாம், பத்து வருஷமும் காத்திருக்கலாம்.

இதோடு இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. போசிக்ஸ், சி நிரல்மொழியின் மேல் கட்டப்பட்டது. சி மொழிக்கும் தனியாக ஒரு தரநிலை உண்டு, அதுவும் மாறிக்கொண்டே இருக்கும். 2024 போசிக்ஸ், 2018-ல் வெளியான சி தரநிலையை ஒட்டி எழுதப்பட்டது. இந்தப் போசிக்ஸ் வெளிவந்த அதே வருஷக் கடைசியில் சி மொழியின் புதிய பதிப்பு வந்துவிட்டது! பார்ப்பவருக்கு, கல்யாணம் முடிந்து பந்தி எடுக்கிற நேரத்தில் முக்கியமான விருந்தாளி வந்த மாதிரி தோன்றும். ஆனால் காத்திருந்தால் இன்னும் சில வருஷம் இழுத்திருக்கும். காத்திருக்காமல் வெளியிட்டதுதான் சரி என்பது என் கருத்து. புதிய சி-யோடு ஒத்துப்போவது அடுத்த பதிப்பின் பெரிய வேலையாக இப்போதே உட்கார்ந்திருக்கிறது.

பதினாறு வருஷ இடைவெளி எனக்கு அதிகமாகத்தான் படுகிறது. பத்துக்குள் முடித்திருக்கலாம். ஆனால் நிதானத்துக்கு ஒரு காரணம் உண்டு. இந்தக் குழு புதிதாக எதையும் கண்டுபிடிக்காது என்பது அதன் அடிப்படைக் கொள்கை. ஏற்கெனவே சில இயங்குதளங்களில் ஓடி, அடிபட்டு, நிலைத்த வழக்கத்தைத்தான் எழுதிவைக்கும். ஓப்பன் பி.எஸ்.டி. என்ற இயங்குதளம் 1998-ல் எழுத்துச் சரங்களைப் பத்திரமாக நகலெடுக்க இரண்டு செயல்களை, அதாவது நிரல்கள் கூப்பிட்டுப் பயன்படுத்தும் ஆயத்தத் துண்டுகளை, சேர்த்தது. இப்படிப்பட்ட துண்டுகளின் தொகுப்பான லினக்ஸின் முக்கிய நிரலகம் அவற்றைப் பல வருஷம் ஏற்கவே இல்லை. 2023-ல்தான் சேர்த்துக்கொண்டது. மறு வருஷம் போசிக்ஸில் இடம் கிடைத்தது.

சேர்ப்பதைவிட நீக்குவது இன்னும் கடினம். கெட்ஸ் என்று ஒரு செயல். பயனர் தட்டச்சு செய்வதை வாங்கி நினைவகத்தில் வைக்கும், இடம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கவே கேட்காது. 1988 நவம்பரில் மோரிஸ் புழு என்ற, தானாகப் பரவும் நிரல் இணையத்தைக் கலக்கியபோது, அது உள்ளே நுழைந்த ஓட்டைகளில் ஒன்று இந்தக் கெட்ஸ். போசிக்ஸ் பிறந்த அதே வருஷம்! 2008 பதிப்பில் அதன் மேல் 'வழக்கொழியப் போவது' என்று முத்திரை குத்தினார்கள். 2024-ல்தான் எடுத்தார்கள். பழைய நிரலை நம்பிப் பிழைப்பவர்களுக்கு அவகாசம் கொடுத்துத்தான் எதையும் எடுக்க முடியும்.

அவகாசம் எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதற்கு என் பக்கத்திலிருந்தே ஓர் உதாரணம். கிருஷ்ணகிரி பக்கத்து மாங்கூழ் ஆலை ஒன்றின் எடை மேடைக் கணக்கைப் பார்த்துக்கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. அங்கே முன்பே இருந்த நிரல், லோடு பற்றி எழுதும் குறிப்பையே கோப்பின் பெயராக வைக்கும். யாரோ வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை அப்படியே அதில் ஒட்டியிருக்கிறார்கள். முதல் வரியில் 'பெங்களூரா' என்ற மாம்பழ ரகம், அடுத்த வரியில் 'ஜூன்'. ஆக ஒரு கோப்பின் பெயருக்கு நடுவிலேயே ஒரு வரி உடைந்திருக்கிறது. இரவில் ஓடும் துப்புரவு நிரல் பழைய கோப்புகளின் பெயரை வரிக்கு ஒன்றாகப் பட்டியல் போட்டு அழிக்கும். அதற்கு இது இரண்டு பெயர். 'பெங்களூரா' என்று ஒரு கோப்பு இல்லை, அதனால் அதை விட்டுவிட்டது. 'ஜூன்' என்று ஒன்று இருந்தது, அந்த மாதக் கொள்முதல் மொத்தம். அழித்துவிட்டது. நகல் இருந்ததால் தப்பித்தார்கள்.

இதில் எந்த நிரலும் விதியை மீறவில்லை. போசிக்ஸ்படி கோப்புப் பெயரில் வரக்கூடாதவை இரண்டே: சாய்கோடு, பூஜ்ய பைட் (மதிப்பு பூஜ்யமாக உள்ள, கண்ணுக்குத் தெரியாத குறி). வரி உடைப்பு வரலாம். இதைத் தடுக்க வேண்டும் என்ற புகார் 2010-லேயே குழுவிடம் பதிவானது. ஒரேயடியாகத் தடை போட்டால் ஏற்கெனவே அப்படிப் பெயர் வைத்திருப்பவர்கள் கோப்பைத் திறக்க முடியாமல் போவார்கள். அதனால் 2024 பதிப்பு இரண்டு காரியம் செய்தது. ஒன்று, கோப்புப் பட்டியலைப் பூஜ்ய பைட்டால் பிரித்துத் தரவும் வாங்கவும் கட்டளைகளில் வசதி. இது பல இயங்குதளங்களில் முன்பே இருந்ததுதான். இரண்டு, வரி உடைப்புள்ள பெயரில் புதிய கோப்பை உருவாக்கச் சொன்னால் அதைப் பிழையாகக் கருதுமாறு ஊக்குவித்திருக்கிறது. எதிர்காலப் பதிப்பு இதைக் கட்டாயமாக்கலாம் என்று கூடவே எழுதிவைத்திருக்கிறது. அடுத்த பதிப்பின் திட்டம் இந்தப் பதிப்பின் பக்கங்களிலேயே இப்படிக் கிடக்கும். தேடிப் படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கோப்புப் பெயர் என்றதும் தமிழுக்கு வருவோம். எந்த இயங்குதளத்திலும் சிக்கல் இல்லாமல் போகும் என்று போசிக்ஸ் சொல்லும் பெயர் எழுத்துகள் 65. ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண்கள், புள்ளி, அடிக்கோடு, சிறுகோடு. எல்லாத் தளங்களுக்கும் உறுதியளிக்கும் குறைந்தபட்ச நீளம் 14 பைட். யூனிகோடின் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். 'தருமபுரி' என்று எழுதினால் துணைக்குறிகளோடு எட்டு குறி, 24 பைட். நம் ஊர்ப் பெயரே அந்தக் குறைந்தபட்சத்துக்குள் அடங்காது. கிருஷ்ணகிரி 33. நடைமுறையில் லினக்ஸ் 255 பைட் வரை தருவதால் நமக்குத் தொந்தரவு தெரிவதில்லை. ஆனால் சின்னக் கருவிகளுக்கு எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பதிப்பில் நமக்கு நல்ல சேதியும் உண்டு. கெட்-டெக்ஸ்ட் என்ற வசதி முதன்முறையாகப் போசிக்ஸுக்குள் வந்திருக்கிறது. நிரல் காட்டும் செய்திகளைத் தனிக் கோப்பில் மொழிபெயர்த்துவைத்து, ஓடும்போது பயனரின் மொழியில் காட்டும் ஏற்பாடு அது. ஒரு பெட்டி, பத்து பெட்டிகள் என்று எண்ணுக்கு ஏற்பச் சொல் மாறுவதையும் கவனித்துக்கொள்ளும். லினக்ஸில் தமிழ் மெனு பார்த்தவர்கள் இதன் பலனை ரொம்ப நாளாகவே அனுபவிக்கிறார்கள்.

நேரத்தைப் பற்றி ஒரே வார்த்தை. பழைய கணினிகள், 1970 தொடங்கியதிலிருந்து எத்தனை நொடி ஆனது என்பதை 32 பிட் எண்ணில் எண்ணுகின்றன. அந்த எண் 2038 ஜனவரி 19 அன்று நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு நிரம்பும். அடுத்த நொடி கணினி 1901-க்குப் போய்விடும். புதிய பதிப்பு 64 பிட்டைக் கட்டாயமாக்கிவிட்டது. பழைய பெட்டிகளை மாற்றுவது நம் பொறுப்பு.

சரி, இதில் நமக்கு என்ன பங்கு என்று பாலிடெக்னிக், கல்லூரி மாணவர்கள் கேட்கலாம். கடைசியில் முறையான வாக்கெடுப்பு உண்டு. ஐ.ட்ரிபிள்.ஈ.யில் வாக்குச்சீட்டு முக்கால்வாசி திரும்பி வர வேண்டும், அதில் முக்கால்வாசி ஆதரவும் வேண்டும். ஐ.எஸ்.ஓ.வில் நாடுகள் வாக்களிக்கும், இந்தியாவுக்கு நம் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். ஆனால் அதற்கு முந்தைய உண்மையான வேலை ஆஸ்டின் குரூப்பில் நடக்கிறது. அதில் சேரக் கட்டணம் கிடையாது, எந்தக் கம்பெனியிலும் இருக்க வேண்டியதில்லை. ஆவணத்தை இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். புகார் கொடுக்க மூன்று விஷயம் போதும்: எந்தப் பக்கத்தில் எந்த வரி, அங்கே என்ன சிக்கல், அந்த வரி எப்படி மாற வேண்டும் என்று நீங்கள் எழுதும் வாசகம். மூன்றாவதை விட்டுவிட்டு 'இது சரியில்லை' என்று மட்டும் எழுதினால் அதற்கு வேறு யாராவது வாசகம் எழுதும்வரை காத்திருக்க வேண்டியதுதான். புகாரைக் கூட்டத்தில் எடுத்துப் பேசுவார்கள். ஏற்றால் எந்தப் பதிப்புக்கு என்று அடையாளம் விழும். ஏற்காவிட்டால் ஏன் என்று எழுதிவைப்பார்கள், அதை எல்லோரும் படிக்கலாம். முதலில் பழைய புகார்களில் பத்தை எடுத்து, நிராகரித்த காரணத்தைப் படித்துப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.