ஒரு கண் மூடினால் புளிப்பு சரி

வணக்கம். இதற்கு முன் இரண்டு முறை நெல்லைப் பற்றிப் பேச என்னை இந்த வானொலி நிலையத்துக்கு அழைத்திருக்கிறார்கள். இந்த முறை, "சாப்பாட்டைப் பற்றிப் பேசுங்களேன்" என்றார்கள். நெல்லோடு மாரடித்தவனுக்கு அது பதவி உயர்வுதானே! பிலிப்பைன்ஸில் நான் சாப்பிட்ட சினிகாங் என்ற புளிப்புக் குழம்பைப் பற்றிச் சொல்கிறேன்.

அங்கே, மணிலாவுக்குத் தெற்கே லாஸ் பானியோஸ் என்று ஓர் ஊர். 1960-இல் தொடங்கிய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அந்த ஊரில்தான் இருக்கிறது. நம் பெரியவர்களுக்கு ஐ.ஆர்.8 ஞாபகம் இருக்கும். 1966-இல் அங்கிருந்து வந்த ரகம். அந்த ஊரில் நான்கு வருஷம் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்கார அம்மா, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். அம்மாவை எல்லோரும் 'நானாய்' என்பார்கள். அம்மா என்றே அர்த்தம். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

குடிபோன மறுநாள் படியிறங்கி வருகிறேன். குடும்பமே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. நிமிர்ந்து பார்த்து, "காயின் தாயோ!" என்றார்கள். வாங்க, சாப்பிடலாம் என்று பொருள். நான் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, யார் கடந்து போனாலும் அப்படிச் சொல்வது அங்கே மரியாதை. "ஆச்சுங்க, நன்றி" என்று சிரித்துவிட்டு நகர்வது பதில் மரியாதை. நம் கிராமத்துத் திண்ணையிலும் இதே கதைதானே. ஆனால் நான் உட்கார்ந்ததை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நானாய் ஒரு தட்டை நகர்த்தி வைத்தார். அந்தத் தட்டு நான்கு வருஷம் எனக்கு நிலைத்தது.

ஒன்று சொல்லியே ஆகவேண்டும், என் தொழில் அப்படி. இங்கிலீஷில் எல்லாமே ரைஸ். நமக்கு நெல் வேறு, அரிசி வேறு, சோறு வேறு. அவர்களுக்கும் பாலாய், பிகாஸ், கானின் என்று மூன்று சொல். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் எதுவானாலும் 'ஊலாம்'. நடுவில் சோறுதான் ராஜா.

சரி, சினிகாங்குக்கு வருகிறேன். நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான். புளிப்பான குழம்பு என்று சொல்லலாம், ஆனால் தெளிவாக, ரசத்துக்குப் பக்கத்து வீடு மாதிரி இருக்கும். பன்றி இறைச்சி போடுவார்கள், இறால் போடுவார்கள். எனக்காகப் பால்கெண்டை மீன். அரிசி களைந்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டாவது கழுநீரை எடுத்துக் கொதிக்கவிடுவார் நானாய். என் பாட்டி அதே கழுநீரில்தான் புளி கரைப்பாள். அதைப் பார்த்ததும் எனக்கு அந்த அடுப்படி சொந்த ஊராகிவிட்டது. அப்புறம் முள்ளங்கி, காராமணிக்காய், கத்தரிக்காய், முழு பச்சை மிளகாய். இறக்கும்போது ஒரு பிடி வள்ளைக்கீரை.

புளி நமக்குத் தெரியாததா என்ற தெம்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இன்றைக்கு நான் வைக்கிறேன்" என்றேன். சாம்பாருக்குக் கரைப்பது போலப் பழம்புளியைக் கரைத்து ஊற்றினேன். அதோடு விட்டேனா? கடுகும் தாளித்துக் கொட்டினேன். குழம்பு செம்மண் குட்டை நிறத்துக்கு வந்துவிட்டது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். இறக்குமுன் ஒரே கரண்டி எல்லோரிடமும் சுற்றி வரும். ருசி பார்க்கும்போது ஒரு கண் தானாக மூடிக்கொண்டால் புளிப்பு சரி. மூடவில்லையென்றால் போதாது. அன்றைக்குக் கரண்டி சுற்றி வந்தது, ஒருவருடைய கண்ணும் மூடவில்லை. நானாய் மட்டும், "மசராப்" என்றார். ருசியாக இருக்கிறதாம்! சின்னப் பேரன் மட்டும் ஒரு கடுகை விரல்நுனியில் எடுத்து வைத்து, "இது செத்துப்போச்சா?" என்று கேட்டான்.

அடுத்த ஞாயிறு காலை என் படியில் ஒரு கொத்து புளியங்காய் இருந்தது. பழம் இல்லை, பச்சைக் காய். பள்ளிக்கூட வாசலில் உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்போமே, அதே காய். முழுசாக வேகவைத்து, தோல் வெடித்ததும் மசித்து, வடிகட்டி அந்தச் சாற்றைத்தான் ஊற்றவேண்டும். புளியங்காய் இல்லாத நாளில் புளிச்சக்காய் மாதிரி காமியாஸ், மாங்காய், கொய்யாப்பழம்கூட உண்டு. இப்போது பொட்டலத்தில் பொடியாகவே விற்கிறார்கள். அவசரத்துக்கு ஆகும். கண் மூடுகிறதா என்றால், மூடுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது சாப்பாட்டு மேஜைதான். மீன் சாறு 'பாதீஸ்', நசுக்கின மிளகாய், கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிய கலமன்சி எலுமிச்சை எல்லாம் சின்னச் சின்னத் தட்டில் இருக்கும். 'சவ்சாவன்' என்பார்கள். பேரனுக்குப் புளிப்பு போதவில்லையா, அவனே பிழிந்துகொள்வான். மருமகளுக்குக் காரம் வேண்டுமா, அவளே மிளகாயை நசுக்கிக்கொள்வாள். சமைத்தவருக்குக் கோபமே வராது. நம் வீட்டில் சாப்பிடும்போது உப்பு கேட்டுப் பாருங்கள்! கேட்டவன் குற்றவாளி, இல்லையென்றால் சமைத்தவள் குற்றவாளி. அங்கே குழம்பு அடுப்பில் பாதி, தட்டில் பாதியாகத்தான் முடிகிறது. ஒரே சட்டி, ஆறு பேர், ஆறு ருசி.

அடோபோ பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். வினிகர், சோயா சாஸ், பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை போட்டுக் கறியை வேகவைப்பது. ஒரே ஒரு விஷயம்: வினிகர் ஊற்றியதும் கிண்டக் கூடாது, மூடவும் கூடாது. பச்சை வாசனை போகும்வரை கொதிக்கட்டும். நான் கிண்டப் போய் நானாயிடம் கையில் அடி வாங்கியிருக்கிறேன். மறுநாள் சாப்பிட்டால் இன்னும் ருசி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய நண்பர், இன்னும் இரண்டு நிமிஷம்தான் என்று இரண்டு விரல் காட்டுகிறார். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வேர்க்கடலைக் குழம்பில் மாட்டுவால் போட்டு வைக்கும் காரே-காரே. 1762-இல் ஆங்கிலேயர் சென்னையிலிருந்து படையெடுத்துப் போய் மணிலாவைப் பிடித்தார்கள். கூடப் போன சிப்பாய்களில் சிலர் கைந்தா என்ற ஊரில் தங்கிவிட்டார்கள். அவர்கள் வைத்த 'கறி'தான் அது என்று ஒரு கதை. கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள், சத்தியம் செய்யமாட்டேன்.

இப்போது ஒரு விரல். கிறிஸ்துமஸுக்கு முன், டிசம்பர் 16 முதல் ஒன்பது நாள் தேவாலயத்தில் விடியற்காலைப் பூசை. முடிந்து வெளியே வந்தால் மூங்கில் குழலில் ஆவி பறக்கும் பூத்தோ பும்போங், பிருருதோங் என்ற ஊதா அரிசியில் செய்தது. வாழையிலையில் தட்டி, வெண்ணெய், தேங்காய்த் துருவல், சர்க்கரை தூவிக் கொடுப்பார்கள். பூத்தோ, நம்ம புட்டு, இரண்டுக்கும் உறவு உண்டா என்று நானாயிடம் கேட்டேன். "முதலில் ஆறுவதற்குள் சாப்பிடு" என்றார். நேரமாகிவிட்டது. வணக்கம்.