காவேரிப்பட்டணத்தில் காவிரி ஓடவில்லை! ஆறுகள் கூடும் இடத்தில் ஊர் பிறக்குமா?

[திரையில்: காவேரிப்பட்டணத்தை ஒட்டிய ஆற்றுப்படுகை, காலை வெளிச்சம்]

கிருஷ்ணகிரியில் பஸ் ஏறித் தருமபுரிக்குப் போகிறீர்கள். வழியில் காவேரிப்பட்டணம் வருகிறது. ஊரை ஒட்டி ஓர் ஆறு கிடக்கிறது. புதிதாக வருகிற எவரும் "இதுதானே காவிரி?" என்று கேட்பார்கள். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குத் தஞ்சாவூரிலிருந்து வேன் வைத்து வந்த மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் அப்படித்தான் கேட்டார்கள். ஒரு பெரியம்மா கையெடுத்துக் கும்பிடவே செய்துவிட்டார்.

அது தென்பெண்ணை. காவிரி அங்கிருந்து மேற்கே, மலைகளுக்கு அந்தப் பக்கம், ஒகேனக்கல்லில் ஓடுகிறது. 1767-ல் ஹைதர் அலி ஆங்கிலேயரிடமிருந்து முற்றுகையிட்டுப் பிடித்த காவேரிப்பட்டணம் கோட்டையும் தென்பெண்ணைக் கரைக் கோட்டைதான். பெரியம்மாவின் கும்பிடு வீண்போகவில்லை, ஆறு ஆறுதானே. ஆனால் அன்று வேனில் கிளம்பிய பேச்சுதான் இந்த வீடியோவுக்கு விதை.

[திரையில்: இரண்டு மாவட்டங்களின் வரைபடம், நீலத்தில் இரண்டு ஆறுகள்]

வரைபடத்தைப் பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் இரண்டு ஆறுகளுக்குத் தண்ணீரைப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. மேற்கே காவிரி, கிழக்கே தென்பெண்ணை. கிருஷ்ணகிரிக்கும் பஞ்சப்பள்ளிக்கும் நடுவே ஏதோ ஒரு மேட்டில் மழை பெய்கிறது என்று வையுங்கள். மேட்டின் மேற்குச் சரிவில் விழுந்த துளி சின்னாற்றில் இறங்கி, ஒகேனக்கல்லில் காவிரியோடு சேர்ந்து, மேட்டூர், பவானி, திருச்சி என்று போய்ப் பூம்புகாரில் கடலைத் தொடும். அதே மேட்டின் கிழக்குச் சரிவில், ஒரு முழம் தள்ளி விழுந்த துளி தென்பெண்ணைக்குப் போய், சாத்தனூர், திருக்கோவிலூர் வழியாகக் கடலூரில் கடலைத் தொடும்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். பூம்புகாரின் பழைய பெயர் காவிரிப்பூம்பட்டினம். காவிரிக்குப் போன துளி நம் காவேரிப்பட்டணத்தைப் பார்க்காமல் காவிரிப்பூம்பட்டினத்தில் முடிகிறது. காவேரிப்பட்டணத்தைத் தொட்டுக்கொண்டு போன துளி கடலூரில் முடிகிறது. கடலூருக்குப் பழைய பெயர் கூடலூர். ஆறுகள் கூடும் ஊர். தென்பெண்ணையும் கெடிலமும் அங்கேதான் கடலுக்கு வருகின்றன. இதை முதன்முதலில் வரைபடத்தில் விரல் வைத்துத் தொடர்ந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

கூடல், கூடுதுறை, முக்கூடல், சங்கமம். ஆறுகள் சேரும் இடத்துக்குத் தமிழில் எத்தனை சொற்கள்! அலகநந்தாவும் பாகீரதியும் சேரும் தேவபிரயாகையிலிருந்துதான் கங்கைக்குக் கங்கை என்று பெயர். சூடானின் கார்ட்டூம், நீல நைலும் வெள்ளை நைலும் சேரும் இடத்தில் இருக்கிறது. ஜெர்மனியில் ரைன் ஆறும் மோசல் ஆறும் சேரும் இடத்து ஊர் கோப்லென்ஸ். 'ஒன்றாகப் பாய்பவை' என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். நம் கணக்கில் அதுவும் ஒரு கூடலூர்தான்.

ஏன் அங்கே ஊர் அமைகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆறு வற்றினால் மற்றொன்று கைகொடுக்கும். இரண்டு ஆறும் கொண்டுவந்து போடும் வண்டல் கிடைக்கும். இரண்டு பக்கம் தண்ணீர் காவல் நிற்கும். இரண்டு பள்ளத்தாக்குச் சரக்கும் ஒரே துறையில் வந்து இறங்கும்.

ஆனால் இந்த இடத்தை மட்டும் சுருக்க மாட்டேன். காஞ்சிபுரத்துப் பக்கம் திருமுக்கூடல் என்று ஓர் ஊர். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேருகிற இடம். அங்குள்ள பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, 11-ஆம் நூற்றாண்டு. அதில் ஒரு மருத்துவமனையின் கணக்கு வெட்டப்பட்டிருக்கிறது. நோயாளிகளுக்கு 15 படுக்கை. ஒரு வைத்தியர். அறுவை செய்ய ஒருவர். மூலிகை பறித்து வர ஆட்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள். அவர்களுக்கான சம்பளக் கணக்கும் உண்டு. பக்கத்திலேயே மாணவர்கள் தங்கிப் படித்த பள்ளியும் நடந்திருக்கிறது. ஆறு கூடிய இடத்தில் ஆள் கூடி, ஆள் கூடிய இடத்தில் நெல் சேர்ந்து, நெல் சேர்ந்த இடத்தில் 15 படுக்கை போட்டிருக்கிறார்கள். காஞ்சிபுரம் போனால் பட்டுப்புடவை எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். திருமுக்கூடலுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

[திரையில்: ஒகேனக்கல், பாறைகளுக்கு நடுவே ஆவியாக எழும் சாரல்]

சரி, நம் வீட்டுக்கு வருவோம். ஒகேனக்கல். கன்னடத்தில் ஹொகே என்றால் புகை, கல் என்றால் கல்லேதான். புகைக்கல். அருவி, எண்ணெய்க் குளியல், மீன் வறுவல், பரிசல் எல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்று: ஒகேனக்கல் ஒரு கூடுதுறை. காவிரியோடு சின்னாறு வந்து சேரும் இடம். அங்கே ஒரு பரிசல் துறைக்கே சின்னாறு என்றுதான் பெயர். ஆண்டுக்கு ஆண்டு லட்சக்கணக்கானவர்கள் வருகிறார்கள், அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டி நடக்கிறார்கள், ஆற்றைப் பார்ப்பதில்லை.

அந்தச் சின்னாறு சின்னது இல்லை. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மேட்டு நிலத்தில் கிளம்பி, பஞ்சப்பள்ளி அணையை நிரப்பி, வறண்ட நிலங்களுக்கு ஈரம் கொடுத்துவிட்டு, காடு வழியாகக் காவிரிக்கு வருகிறது. அதன் இன்னொரு பெயர் சனத்குமார நதி. பிரம்மாவின் பிள்ளை பெயரை வைத்திருந்த ஆற்றைச் சின்ன ஆறு என்று கூப்பிட்டுப் பழகிவிட்டோம்.

கோடைமழை பெய்து இரண்டு நாள் கழித்து, ஒரு காலையில் அந்தத் துறையில் பரிசல் ஏறினேன். மூங்கில் பிளாச்சால் கூடை முடைவதுபோல் முடைந்து, அடியில் தார் பூசிய பரிசல். உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழே ஆற்றின் குளிர்ச்சி ஏறும். ஓட்டியவர் நடுத்தர வயதுக்காரர், ஊட்டமலைப் பக்கத்தவர்.

"அண்ணா, இதில் எது சின்னாறு, எது காவிரி?" என்று கேட்டேன்.

அவர் துடுப்பைத் தண்ணீரில் குத்திப் பரிசலை நிறுத்தினார். "இலையைப் பாருங்கள் தம்பி" என்றார்.

பார்த்தேன். தண்ணீரின் மேல் காய்ந்த இலைகளும் மூங்கில் சருகும் நுரையும், யாரோ நூல் பிடித்து அடுக்கியதுபோல் ஒரே வரிசையில் நின்றன. இந்தப் பக்கம் செம்மண் கலங்கல். அந்தப் பக்கம் பாசிப் பச்சை. "வலது கையை இங்கே விடுங்கள், இடது கையை அங்கே விடுங்கள்" என்றார். விட்டேன். ஒரு கைக்கு வெதுவெதுப்பு, ஒரு கைக்குச் சில்லிப்பு. சின்னாறு ஆழமில்லாமல் வெயில் காய்ந்த பாறைமேல் ஓடி வந்த தண்ணீர். காவிரி ஆழத்தில் வந்த தண்ணீர். இரண்டு ஆற்றை இரண்டு கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பரிசல் மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. கை மாறியது, ஆறும் மாறியது.

[திரையில்: அந்த இலை வரிசை, மிக நெருக்கத்தில்]

இந்தக் கோட்டுக்குக் காரணம் இருக்கிறது. இரண்டு தண்ணீருக்கும் வேகம் வேறு, வெப்பம் வேறு, சுமந்து வரும் மண்ணின் அளவு வேறு. அதனால் சேர்ந்த உடனே கலந்துவிடாது. விளிம்பில் உராய்ந்து உராய்ந்து, சின்னச் சின்னச் சுழல் கிளம்பி, அந்தச் சுழல்தான் இரண்டையும் பிசைந்து ஒன்றாக்குகிறது. பிரேசிலில் மனாஸ் நகரத்துக்கு அருகே, கறுப்பு நிறத்தில் வரும் நீக்ரோ ஆறும் சேற்று நிறத்தில் வரும் சோலிமோயிஸ் ஆறும் சுமார் 6 கிலோமீட்டருக்குக் கலக்காமல் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. அதைப் பார்க்க உலகம் முழுவதும் இருந்து ஆட்கள் கப்பல் ஏறிப் போகிறார்கள். நம் ஊரில் அதன் சின்னத் தம்பியை ஒரு பரிசல் டிக்கெட்டில் பார்த்துவிடலாம். பார்க்க வேண்டிய நேரம் சின்னாற்றில் தண்ணீர் வரும் சில நாட்கள்தான். காவிரியில் வரத்து கூடிவிட்டால் பரிசல் ஓட்டத் தடை போட்டுவிடுவார்கள், தடையை மதியுங்கள். வெள்ளத்தில் பெரிய ஆற்றின் மட்டம் ஏறும்போது சின்ன ஆற்றுக்கு உள்ளே நுழைய இடம் இருக்காது. வாசலில் நின்று, வந்த வழியே பின்னால் ஏறும். கூடுதுறைகளில் வெள்ளம் திடீரென்று முதுகுப் பக்கமாக வருவது இதனால்தான்.

இங்கே எனக்கு நெடுநாளாக இருந்த கேள்வி. ஒகேனக்கல்லில் கூடிய தண்ணீர் மேட்டூரைத் தாண்டிப் பவானிக்குப் போகிறது. அங்கே பவானி ஆறு காவிரியோடு சேர்கிறது. இரண்டு ஆற்றுக்கும் நடுவில் சங்கமேஸ்வரர் கோயில், சுற்றி ஊர், கடைவீதி, நாடெங்கும் பெயர் பெற்ற ஜமக்காளத் தறிகள். அதே காவிரி, அதேபோல் ஒரு துணையாறு. பவானி நகரமானது, ஒகேனக்கல் ஏன் ஆகவில்லை? இங்கேயும் தேசநாதேஸ்வரர் கோயில் இருக்கிறது, ஆடிப்பெருக்குக்குக் கூட்டம் அலைமோதுகிறது. ஆனால் அந்தக் கூட்டம் மாலையில் பஸ் ஏறிவிடுகிறது.

என் பதில் இது. ஆறு கூடினால் மட்டும் ஊர் வராது. ஏர் பூட்டச் சமநிலம் வேண்டும். வண்டி இறங்கிக் கடக்க ஆழமில்லாத துறை வேண்டும். பவானியில் இரண்டும் உண்டு. ஒகேனக்கல்லில் காவிரி பாறையைப் பிளந்துகொண்டு போகிறது. கரை என்பதே கல். வண்டல் தங்க இடமில்லை. மேலே கர்நாடகத்தில் அர்க்காவதி வந்து சேரும் சங்கமத்திலும் இதே கதைதான். அதற்குச் சற்றுக் கீழே இருப்பதுதான் மேகேதாட்டு, ஆடு தாண்டும் அளவுக்கு ஆறு ஒடுங்கும் இடம். ஆடு தாண்டலாம், ஊர் உட்கார முடியாது.

ஆனால் ஒகேனக்கல் வேறு விதமாக ஊர்களைத் தாங்குகிறது. நம் மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை விழுந்து, சிரிக்கும்போது வாயைக் கையால் மறைக்கும் பிள்ளைகளோடு நான் படித்திருக்கிறேன். ஜப்பான் நிதியுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. தன் கரையில் நகரம் வளர்க்காத அந்தக் கல் ஆறு, குழாய் வழியாக இரண்டு மாவட்டத்துக் குடங்களையும் நிரப்புகிறது. கூட்டுக் குடிநீர் என்ற சொல்லிலேயே ஒரு கூடல் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த அரசாங்கச் சொல் அது.

தென்பெண்ணைப் பக்கம் விரைவாகப் போய்வருவோம். வேப்பனப்பள்ளி வழியாக வரும் மார்க்கண்டேய நதி கிருஷ்ணகிரி அணைக்கு அருகே தென்பெண்ணையோடு சேர்கிறது. அந்த நதியில் கர்நாடகம் யார்கோளில் கட்டிய அணைக்கு எதிராகத் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது, 2019-ல் மனு தள்ளுபடியானது. ஊத்தங்கரைப் பக்கத்துப் பாம்பாறும், சேர்வராயன் மலையிலிருந்து வரும் வாணியாறும் அதற்குக் கீழே சேர்கின்றன.

பாம்பாறு பல மாதம் வெறும் முள்செடி வளர்ந்த பள்ளம். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்து, பஸ் நிலையப் பகுதியில் நின்ற வண்டிகளைச் சாலையில் உருட்டிக்கொண்டு போன காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். செத்துவிட்டது என்று நினைத்த ஓடைகள் எல்லாம் ஒரே இரவில் தென்பெண்ணைக்கு வழி கேட்டன. சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறக்க வேண்டியதாயிற்று. விழுப்புரமும் கடலூரும் மூழ்கின. மேட்டில் விழுந்த துளி கூடலூருக்குப் போகும் என்று சொன்னேனே, அந்த முறை அது வீட்டுக்குள் புகுந்தது.

இதுதான் என் ஆதங்கம். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி வருகிறது என்று தினமும் செய்தியில் சொல்கிறார்கள். உச்ச நீதிமன்றத்தின் 2018 காவிரித் தீர்ப்பின்படி அங்கே ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. வர வேண்டும் என்று நம் ஊர்ப் பெட்டிக்கடையிலும் கணக்குப் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். சின்னாற்றில் இன்று எவ்வளவு, பாம்பாற்றில் எவ்வளவு என்று ஒருவரும் கேட்பதில்லை. கூடுவதற்கு இரண்டு பேர் வேண்டும். சின்ன ஆற்றின் வாயில் கட்டடக் குப்பையைக் கொட்டிவிட்டுப் பெரிய ஆற்றில் போய் முங்கி எழுந்தால் அந்தக் கூடுதுறைக்கு என்ன பொருள்?

[திரையில்: சின்னாறு காவிரியில் சேரும் இடம், மாலை. ஒரு பரிசல் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது]

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சேனலைப் பின்தொடருவது உங்கள் விருப்பம். இதை மட்டும் செய்யுங்கள். உங்கள் ஊர் ஓடை அல்லது சிற்றாற்றின் பெயர் என்ன, அது எந்த ஆற்றில், எந்த ஊருக்குப் பக்கத்தில் போய்ச் சேருகிறது என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டுக் கமெண்ட்டில் எழுதுங்கள். அரசாங்க வரைபடத்தில் ஒரு பெயர் இருக்கும், உங்கள் பாட்டி வேறு பெயர் சொல்வார். பாட்டி சொல்லும் பெயரை எழுதுங்கள். வருகிற பெயர்களை எல்லாம் இந்த வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் குறித்து, ஆடிப்பெருக்குக்கு முன்னால் இதே சின்னாற்றுத் துறையில் நின்று உங்களுக்குப் படித்துக் காட்டுகிறேன்.